முன்னோட்ட ஆய்வுக்கு நிதி வாங்கிய கதை: தேர்வானது எளிது, பணம் வந்ததுதான் பெரும்பாடு

பணம் ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது. அந்தத் தெம்பில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் முன்னால் எழுதியிருந்தால் வெறும் வசவாகத்தான் வந்திருக்கும். தொழில்சார் சுகாதாரத்தில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, இளம் ஆய்வாளர்களுக்கான முன்னோட்ட ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு உதவலாம். விண்ணப்பம் எழுதுவது, வழிகாட்டியிடம் கடிதம் வாங்குவது, நேர்காணல் எல்லாம் வழக்கம்போலத்தான். தேர்வாகிவிட்டேன் என்று மின்னஞ்சல் வந்த பிறகுதான் கூத்தே ஆரம்பம்.

முதலில் தகுதி. ‘இளம் ஆய்வாளர்’ என்றால் பட்டம் பெற்று இத்தனை ஆண்டுக்குள் என்று ஒரு கணக்கு இருக்கும். எந்தத் தேதியிலிருந்து? வாய்மொழித் தேர்வு முடிந்த நாளா, பட்டம் வழங்கிய நாளா? அறிவிப்பில் இல்லை. அலுவலக எழுத்தர் ஒரு நாள் ஒன்று சொன்னார், அடுத்த முறை வேறொன்று சொன்னார். மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கோப்பில் வைத்த பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. தொலைபேசியில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

என் ஆய்வு கல் அறுக்கும் ஆலையில் சிலிக்கா தூசியை அளப்பது. உலர்வாக அறுக்கும்போது தொழிலாளி எவ்வளவு தூசியைச் சுவாசிக்கிறார், நீர் விட்டு அறுத்தால் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. தொழிலாளியின் இடுப்பில் ஒரு சிறு பம்ப், சட்டைக் காலரில் சைக்ளோன் என்ற, தூசியைப் பருமன்வாரியாகப் பிரிக்கும் ஒரு சிறு கருவி. பருமனான தூசி சைக்ளோனின் அடியில் தங்கிவிடும், நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய நுண்தூசி மட்டும் வடிதாளில் படியும். இதைச் செய்ய ஆலைக்குள் போக வேண்டும். அங்கேதான் முடிச்சு.

நிதி கொடுப்பவர்கள், எதிக்ஸ் கமிட்டி (மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு முறையானதா என்று பார்க்கும் குழு) ஒப்புதல் இல்லாமல் பணம் விடமாட்டோம் என்றார்கள். எதிக்ஸ் கமிட்டி, ஆலையின் அனுமதிக் கடிதம் இல்லாமல் கோப்பையே எடுக்கமாட்டோம் என்றது. ஆலை நிர்வாகமோ, நிதி உறுதியானதும் எதிக்ஸ் ஒப்புதலோடு வாருங்கள், பேசலாம் என்றது. மூன்று பேரும் கேட்டது நியாயம்தான். ஆனால் மூன்றையும் சேர்த்து வைத்தால் யாருமே முதல் அடி எடுத்து வைக்க முடியாது.

வழி என்ன தெரியுமா? ‘எதிக்ஸ் ஒப்புதல் கிடைத்தால் அனுமதிக்கிறோம்’ என்று ஆலையிடம் நிபந்தனையோடு ஒரு கடிதம். அதை வைத்துக் கமிட்டியிடம் நிபந்தனை ஒப்புதல். அதை நிதி அலுவலகத்தில் நீட்டினேன். எழுத்தர் பார்த்துவிட்டு, “இது செல்லாது, முழு ஒப்புதல்தான் வேணும்” என்று திருப்பித் தந்தார். அவர்களுடைய அறிவிப்பிலேயே, பின்னிணைப்பில், நிபந்தனை ஒப்புதல் இருந்தால் முதல் தவணையை விடலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார், உள்ளே போனார், வந்து ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தினார். மனசுக்குள் ஒரு விசில்! பின்னிணைப்பை யாரும் படிப்பதில்லை, அங்கே வேலை பார்ப்பவர்கள் உட்பட. நீங்கள் படியுங்கள்.

ஆலையின் கடிதம் சாதாரணமாக வந்துவிடவில்லை. மனிதவளப் பிரிவில் நன்றாகத்தான் பேசினார்கள். சட்டப் பிரிவுக்குப் போனதும் ஒரு வரி முளைத்தது: முடிவுகளை வெளியிடுமுன் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். இதற்கு மட்டும் தலையாட்டவே கூடாது. தூசி அதிகம் என்று தெரிந்தால் கட்டுரை அலமாரியில்தான் தூங்கும். வரைவை அவர்களுக்கு முன்கூட்டியே காட்டுகிறோம், தொழில் ரகசியம் ஏதாவது இருந்தால் சொல்லலாம், வெளியிடுவதைத் தடுக்க முடியாது என்று மாற்றி எழுத வைத்தோம். என் வழிகாட்டி அந்தக் கூட்டத்துக்குக் கூடவே வந்தார். தனியாகப் போயிருந்தால் என்னை உட்காரவைத்தே கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.

அப்புறம், யாருக்கு எவ்வளவு தூசி என்ற பட்டியல் நிர்வாகத்துக்கு வேண்டுமாம். தர முடியாது, அளவு சம்பந்தப்பட்ட தொழிலாளிக்கு மட்டும்தான். சரி, பிரிவுவாரியாகச் சராசரி கொடுங்கள் என்றார்கள். மெருகேற்றும் பிரிவில் இருப்பதே மூன்று பேர். அங்கே சராசரி சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரிதான். சிறிய பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்துத்தான் தருவோம் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டேன்.

எதிக்ஸ் கமிட்டி கேட்டவற்றில் பாதி சம்பிரதாயம். ஆனால் ஒரு உறுப்பினர் கேட்டது உறைத்தது: “அளவு வரம்பைத் தாண்டியிருந்தால் என்ன செய்வீர்கள்? கட்டுரை வரும்வரை அந்த ஆள் அதே தூசியில் நிற்பாரா?” அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நையோஷ் பரிந்துரைக்கும் வரம்பு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் சிலிக்கா. அதைத் தாண்டினால், ஆய்வுக்கூட முடிவு கைக்கு வந்த உடனே தொழிலாளிக்கும், பெயர் குறிப்பிடாமல் ஆலையின் பாதுகாப்புக் குழுவுக்கும் தெரிவிப்போம் என்று ஒரு பத்தி சேர்த்தேன். ஆலைக்காரர்கள் இதைப் பார்த்ததும் பின்வாங்கப் பார்த்தார்கள். அவர்களுடைய பாதுகாப்பு அலுவலரே, “நமக்குத் தெரியாம இருக்கறதவிட இது நல்லதுதானே” என்று சொல்லிக் காரியத்தை முடித்தார். புண்ணியவான். ஆலைக்குள் அப்படி ஒருவரை முதலிலேயே தேடிப் பிடியுங்கள். ஒப்புதல் படிவத்தை மட்டும் அவர் கையால் கொடுக்க வைக்காதீர்கள். மேலதிகாரி நீட்டும் காகிதத்துக்கு எந்தத் தொழிலாளியும் ‘மாட்டேன்’ என்று சொல்லப் போவதில்லை.

மதிப்பீட்டாளர்களில் ஒருவர், ஆய்வின் முடிவில் சிலிகோசிஸ் (சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய்) குறைந்ததா என்று காட்டச் சொன்னார். நாள்பட்ட சிலிகோசிஸ் தலைகாட்டவே பொதுவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். முன்னோட்ட நிதியோ ஓராண்டுக்கு. போதாததற்கு, மூச்சு வாங்குகிறவர்கள் ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருப்பார்கள். இன்று ஆலையில் இருப்பவர்களை மட்டும் பார்த்தால் எல்லாரும் நலம் என்றுதான் தோன்றும். இந்த இரண்டையும் பணிவாக எழுதி, அளப்பது தூசியை மட்டும் என்று நின்றுகொண்டேன். ஆட்கள் குறைவு என்றும் ஒரு குறை. முன்னோட்ட ஆய்வுக்கு ஒரு குழுவுக்கு 12 பேர் என்று புள்ளியியலாளர் ஜூலியஸ் 2005இல் சொன்ன கணக்கைக் காட்டினேன், அதோடு விட்டுவிட்டார்கள்.

கடைசியாக பட்ஜெட். கணக்குப் பிரிவில் ஒரு வரியில் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள்: ‘வெற்று வடிதாள்கள் பகுப்பாய்வு’. போய்க் கேட்டால், “தூசியே பிடிக்காத தாளைச் சோதிக்க எதுக்குங்க பணம்?” கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். உட்கார்ந்து விளக்கினேன். பம்ப் நிமிடத்துக்கு 2.5 லிட்டர் இழுக்கிறது. ஒரு கன மீட்டர் காற்று போக 400 நிமிடம். காற்றில் வரம்பு அளவுக்கே சிலிக்கா இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரு வேலைநாள் முழுக்க ஓடிச் சேர்வது வெறும் 50 மைக்ரோகிராம். கையாளும்போதும் எடுத்துப் போகும்போதும் ஒட்டும் தூசியே கணக்கைக் கெடுத்துவிடும். அதனால்தான் ஆலைக்குக் கொண்டுபோய், பம்பில் மாட்டாமலே திருப்பிக் கொண்டுவரும் தாள்கள்; அப்படி வெளியிலிருந்து எவ்வளவு ஒட்டியது என்று அவைதான் காட்டும். சிலிக்காவை அளப்பதற்கான நையோஷின் 7500ஆம் முறை, மாதிரிகளின் ஒரு தொகுப்புக்கு 2 முதல் 10 வரை கேட்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்ததும் கோட்டை நீக்கிவிட்டார். பம்பின் ஓட்டத்தை அளவீட்டுக்கு முன்னும் பின்னும் சரிபார்க்கும் கருவிக்கு வாடகை கேட்டதற்கும் இதே கதை.

இன்னொன்று: பகுப்பாய்வுக் கூடம் தரும் கொட்டேஷனுக்குக் காலாவதித் தேதி உண்டு. விண்ணப்பத்தோடு வைத்தது, பணம் வருவதற்குள் செல்லாமல் போய்விட்டது, புதியதில் விலையும் ஏறியிருந்தது. பயணச் செலவில் மிச்சம் பிடித்து ஈடுகட்ட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். அதற்கும் ஒரு படிவம் இருக்கிறதாம், மூன்று பிரதிகள்.