ராத்திரி ஒண்ணுக்கும் பகல் தண்ணீர்க் கணக்கும்

ராவாங்கில் கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலுக்கு வேலைக்கு வருகிறவர்களில் பலர் காலையில் தண்ணீரைத் தொடுவதே இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களும் அப்படித்தான். ஜாமில் மாட்டிக்கொண்டு வழியில் முட்டினால் எங்கே போவது என்ற பயம். பத்து மணிக்கு ஒரு தே தாரிக், மதியம் சோற்றோடு அரை கிளாஸ் தண்ணீர், பகல் முடிந்தது. வீட்டுக்கு வந்து குளித்து உட்கார்ந்த பிறகுதான் தாகம் தெரியும். ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் நடுவில் ஒன்றரை லிட்டர் உள்ளே போய்விடும். அப்புறம் ஒரு மணிக்கு, மூன்று மணிக்கு, ஐந்து மணிக்கு டாய்லெட்டுக்கு நடை.

இவர்களைப் பார்த்து "தண்ணியைக் குறைச்சிக்குங்க" என்று சொல்வார்கள். நல்ல யோசனை இல்லை. இந்த வெயிலில் பகல் முழுக்கக் காய்ந்து கிடந்தால் சிறுநீர் கெட்டியாகி, அதுவே சிறுநீர்ப் பையை உறுத்தி, கொஞ்சம் சேர்ந்ததுமே முட்டுகிற மாதிரி ஆக்கும். மலச்சிக்கலும் கூட வரும். நிரம்பிய குடல் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப் பையை அழுத்தும். குடிக்கிற அளவு சரியாக இருப்பவர்கள் அதைக் குறைக்க வேண்டாம், மாலையிலிருந்து காலைக்கு நகர்த்தினால் போதும்.

ஆனால் நகர்த்துவதற்கு முன்னால் அளக்க வேண்டும். எல்லாரும் தாண்டிப் போகிற வேலை இதுதான், என்னைக் கேட்டால் பாதி விடை இதில்தான் இருக்கிறது. மி.லி. கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடி வாங்கி டாய்லெட்டிலேயே வைத்துவிடுங்கள், சமையலறைக்குத் திரும்பக் கூடாது. மூன்று நாள், இருபத்து நான்கு மணி நேரமும், எத்தனை மணிக்கு எத்தனை மி.லி. போனது, எத்தனை மணிக்கு என்ன குடித்தோம் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். வேலை நாளில் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போக முடியாதவர்கள் சனி, ஞாயிறோடு ஒரு லீவு நாளைச் சேர்த்துக்கொள்ளலாம். படுக்கப் போகும் முன் கடைசியாகப் போனது பகல் கணக்கு. படுத்த பிறகு எழுந்து போன எல்லாமும், காலையில் எழுந்ததும் போகிற முதல் தடவையும் ராத்திரிக் கணக்கு. இந்தக் காலை முதல் தடவையை விட்டுவிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

ஒரு உதாரணம். ஒருவருக்கு நாள் முழுக்க 1,600 மி.லி. போகிறது. இரவு 1.15க்கு 300, 3.40க்கு 280, காலை 6.30க்கு 250. மொத்தம் 830. பாதிக்கும் மேல் ராத்திரியிலேயே போய்விடுகிறது. 65 வயது தாண்டியவருக்கு இது மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், அதாவது 530 சுமாருக்குள். இளவயதில் ஐந்தில் ஒரு பங்கு. இவருடைய பை ஒரு தடவைக்கு 300 தாங்குகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிறுநீரகம் ராத்திரியில் அதிகம் வடிக்கிறது என்பதே சிக்கல். கீழே சொல்கிற தண்ணீர், உப்பு, கால் வீக்க வேலைகள் எல்லாம் இவருக்குத்தான் நன்றாகப் பலிக்கும்.

இன்னொருவர் நான்கு முறை எழுகிறார், ஆனால் தாளில் 80, 100, 70, 90 என்றுதான் இருக்கிறது. இவர் ஏழு மணிக்கு மேல் ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் இருந்தாலும் எழுவார். புரோஸ்டேட் வீக்கமாக இருக்கலாம், பை சீக்கிரம் சுருங்குவதாக இருக்கலாம், கிருமித் தொற்றாக இருக்கலாம். வேறு எதனாலோ தூக்கம் கலைந்து, விழித்த பிறகு 'போய்விட்டு வருவோமே' என்று போவதாகவும் இருக்கலாம். தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டியவர் இவர்.

மூன்றாவது வகை, பகலும் ராத்திரியும் எல்லாமே அதிகம். நாள் மொத்தம் உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.லி.யைத் தாண்டினால், 65 கிலோ ஆளுக்கு 2.6 லிட்டருக்கு மேல் போனால், பெரும்பாலும் ஒன்று தேவைக்கு மேல் குடிக்கிறார், அல்லது சர்க்கரை ஏறியிருக்கிறது. இரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். நம் ஆட்களில் இனிப்பு நீர் எவ்வளவு பரவலாக இருக்கிறதென்று தெரிந்ததுதானே. முதலில் விரல் நுனியைக் குத்திப் பார்த்துவிடுங்கள்.

இனி தண்ணீர். இதயம், சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருக்கிற 65 கிலோ ஆளுக்கு, கிலோவுக்கு 30 மி.லி. என்று வைத்தால் ஏறக்குறைய 1.9 லிட்டர் பானம். டீ, கோப்பி, ரசம், சூப் எல்லாம் இதற்குள் அடக்கம். காலை எழுந்ததும் 300. பசியாறும்போது டீயோ கோப்பியோ 200. பத்து மணிக்கு 300. மதியச் சாப்பாட்டோடு 300. மூன்றரை மணிக்கு 350. ஆறு மணிக்கு 250. இரவுச் சாப்பாட்டோடு 200. பதினொரு மணிக்குப் படுப்பவர் என்றால் எட்டரைக்கு மேல் வாய் நனைக்கிற அளவுதான். கூட்டிப் பாருங்கள், நாலு மணிக்குள்ளேயே 1,450 முடிந்திருக்கும். வெயிலில் நின்று வேலை செய்கிறவர்கள் பகல் பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும், மாலைப் பங்கை அல்ல. வாட்ச்மேன் வேலை போல ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இந்த மணிக்கணக்கு செல்லாது; அவர்கள் தூங்கப் போகிற நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

ஒரே மூச்சில் அரை லிட்டர் குடிப்பதில் பயன் குறைவு. இரத்தம் சட்டென்று நீர்த்துப் போனதும், சிறுநீரைத் தடுத்து வைக்கிற ஹார்மோன் இறங்கிவிடும், குடித்ததில் பெரும்பங்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் வெளியே போய்விடும். அதே அரை லிட்டரை ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் உடம்பில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். ராத்திரியில் இந்த ஹார்மோன் இயல்பாகவே கூடும். அதனால்தான் இளவயதில் விடிய விடியத் தூங்க முடிகிறது. வயதாக ஆக அந்த இரவு ஏற்றம் குறைகிறது. அறுபதுக்கு மேல் ஒரு தடவை எழுவதை வியாதியாக நினைக்க வேண்டாம்.

பழக்கத்தை மாற்றிய முதல் ஒன்று இரண்டு வாரம் பகலில் டாய்லெட் நடை கூடும். பயணம் செய்கிறவர்கள் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே காலைத் தண்ணீரை முடித்து, இறங்க வேண்டியதை இறக்கிவிட்டுக் கிளம்பலாம். மீதியை ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகு குடிக்கலாம். நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: வைக்கோல் நிற வெளிர் மஞ்சள் போதும். நாள் முழுக்க நிறமே இல்லாமல் தண்ணீர் போல் போனால் அளவு அதிகம். பி வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நிறம் பளீரென்றுதான் இருக்கும், அதை நம்பக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாமல் மாலைக் கணக்கைக் கெடுப்பவை சில உண்டு. இரவு மாத்திரைக்கு ஒரு முழு டம்ளர் தண்ணீர் (சாதாரணமாக 100 மி.லி. போதும், நின்றுகொண்டு பெரிய டம்ளரில்தான் விழுங்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன மாத்திரையை மட்டும் காலைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்). சாப்பிட்ட பிறகு டிவி முன்னால் தர்பூசணி. சூடு தணிய பார்லி தண்ணீர். தூக்கம் வர மைலோ ஒரு மக். ஒன்பது மணிக்கு பேட்மிண்டனோ புட்சாலோ விளையாடிவிட்டு ஒரு லிட்டர் ஐசோடோனிக். விளையாடுகிறவர்கள் ஆட்டத்துக்கு முந்தின மதியமே நன்றாகக் குடித்திருந்தால் ஆட்டம் முடிந்ததும் அவ்வளவு தேவைப்படாது. ஏர்கோனை 18இல் வைத்துத் தூங்குவதும் சேர்த்தி: வியர்வை நின்று, தோலிலிருந்து இரத்தம் உள்ளே ஒதுங்கும்போது சிறுநீரகத்துக்கு வேலை கூடும். 25, 26 போதும்.

டீ, கோப்பியை நாலு மணிக்கு நிறுத்திவிடுங்கள். காஃபினில் பாதி கரையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அது பையையும் உசுப்பும், தூக்கத்தையும் மெல்லியதாக்கும். 'தே ஓ கோசோங்' என்று ஆர்டர் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கோசோங்கில் சீனிதான் இல்லை, காஃபின் அப்படியே இருக்கிறது. நாளுக்கு ஐந்து கிளாஸ் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும். மூன்று நாலு நாளுக்கு ஒரு கிளாஸ், அதிலும் கடைசி கிளாஸிலிருந்து, குறைத்துக்கொண்டு வரலாம். பீரும் சம்சுவும் தனிக்கதை. அவை மேலே சொன்ன, சிறுநீரைத் தடுத்து வைக்கிற ஹார்மோனையே அடக்கி வைக்கும்.

தண்ணீரை ஒழுங்காக மாற்றியும் ராத்திரி அளவு குறையவில்லை என்றால், நான் அடுத்து சந்தேகப்படுவது உப்பை. உப்பு தாகத்தைக் கிளப்பும், குடித்த தண்ணீரைப் பிடித்து வைக்கும். பகலில் வெளியேறாத உப்பைப் பல பேருக்குச் சிறுநீரகம் ராத்திரியில்தான் தள்ளுகிறது, தண்ணீரோடு சேர்த்து. ஜப்பானில் நாகசாகி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தினசரி உப்பை 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்களுக்கு இரவில் எழுவது சராசரி 2.3 முறையிலிருந்து 1.4 ஆக இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே, சுமார் ஒரு டீஸ்பூன். மதியம் கருவாட்டுக் குழம்பு, ராத்திரி சோற்றுக்கு ஊறுகாய், அப்பளம், சம்பல் பெலாச்சான், அப்புறம் பத்து மணிக்கு மமாக் கடையில் மேகி கோரேங் என்று போனால் ஒரு டீஸ்பூன் எந்த மூலைக்கு? எல்லாவற்றையும் விடச் சொல்லவில்லை. கருவாடு, சம்பல் எல்லாம் மதியத்தோடு நிற்கட்டும். இரவில் கீச்சாப் ஊற்றுவதை நிறுத்துங்கள். மீ சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் பாக்கெட் தூளில் பாதியைப் போட்டு, சாற்றைக் குடிக்காமல் விடுங்கள்.

அடுத்தது கால். லிட்டில் இந்தியா சேலைக் கடைகளில் நாள் முழுக்க நிற்கிறவர்கள், காரை விட்டு இறங்காத டிரைவர்கள், நாற்காலியிலேயே இருக்கிற தாத்தா பாட்டி. இவர்களுக்குப் பகலில் நீர் காலில் இறங்கித் தங்கும். மாலையில் கணுக்காலுக்கு மேல், முன்பக்க எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். பள்ளம் விழுந்து மெதுவாக நிரம்பினால் அங்கே நீர் இருக்கிறது. படுத்ததும் அது இரத்தத்துக்குத் திரும்பி, நடுராத்திரியில் பைக்கு வந்துவிடும். அதை முன்கூட்டியே இறக்க வேண்டும்: ஐந்து, ஆறு மணி வாக்கில் படுத்து, இரண்டு தலையணை வைத்து, கால் நெஞ்சை விட உயரமாக இருக்கும்படி ஒரு மணி நேரம். முக்காலி மேல் காலை நீட்டி உட்கார்ந்தால் போதாது, அது நெஞ்சுக்குக் கீழேதான். எழுந்ததும் ஒண்ணுக்குப் போய்விட்டுக் கொஞ்ச நேரம் நடக்கலாம். இறுக்கக் காலுறையும் உதவும், ஆனால் சர்க்கரைக்காரர்கள் காலில் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் போடக் கூடாது. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். நீர் பிரிய வைக்கும் மாத்திரையை இரவில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் நீங்களாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம். வேறு மாத்திரை உண்டா, மதியத்துக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதயம் அல்லது சிறுநீரகத்துக்காக 'நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர்' என்று அளவு சொல்லப்பட்டவர்களுக்கு மேலே போட்ட 1.9 லிட்டர் பொருந்தாது. சொன்ன அளவுக்குள்தான் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

படுக்கும் முன் ஒரு தடவை போங்கள், ஆண்களும் உட்கார்ந்தே. முடிந்ததும் எழுந்துவிடாமல் அரை நிமிடம் இருந்து, லேசாக முன்னால் குனிந்து மறுபடி முயன்றால் மிச்சம் கொஞ்சம் வரும். முக்கித் தள்ள வேண்டாம். நம் வீடுகளில் குளிக்கிற இடமும் டாய்லெட்டும் ஒன்றாக இருப்பதால் ராத்திரியில் தரை ஈரமாகவே கிடக்கும். தூக்கக் கலக்கத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வது இரண்டு தடவை எழுவதை விடப் பெரிய ஆபத்து. கடைசியாகக் குளித்தவர் தரைத் தண்ணீரை இழுத்துத் தள்ளிவிட வேண்டும். வழியில் மங்கலான ஒரு விளக்கு, காலுக்குப் பிடிப்பான செருப்பு.

சிறுநீரில் இரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், அடங்காத தாகத்தோடு எடை குறைவது, கால் வீக்கத்தோடு மூச்சு வாங்குவது, முட்டியும் வராமல் அடைப்பது, இவற்றில் எது இருந்தாலும் இந்தப் பரிசோதனையெல்லாம் செய்துகொண்டு நாளைக் கடத்தக் கூடாது. பலமான குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்: தூக்கத்தில் மூச்சு தடைபடும்போது இதயம் விடுகிற ஒரு ஹார்மோன் சிறுநீரை அதிகப்படுத்தும், தண்ணீரைக் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது. அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். மூன்று நாள் தாளைக் கையோடு கொண்டு போங்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே ஜாடி, அதே மூன்று நாள். எத்தனை முறை எழுந்தோம் என்பதை விட, படுத்த பிறகு முதல் தடவை எத்தனை மணிக்கு எழுந்தோம் என்பதை முதலில் பாருங்கள். ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்தில்தான். பதினொரு மணிக்குப் படுத்து 12.45க்கு எழுந்தவர் இப்போது மூன்று மணி வரை தூங்குகிறார் என்றால், எண்ணிக்கை இன்னும் இரண்டிலேயே இருந்தாலும், மாற்றியதை விடாமல் இன்னும் ஒரு மாதம் தொடரலாம்.