பீக் டிஸ்ட்ரிக்டில் ரேஞ்சர் வேலை: 2025 நாட்குறிப்பு

மார்ச் 2, ஞாயிறு

நேற்று மார்ச் பிறந்துவிட்டது. இனி ஜூலை 31 வரை திறந்த மூர்நிலத்தில், அதாவது யாரும் நடக்கலாம் என்று திறந்துவிட்ட மரமில்லாத மேட்டுப் புதர்க்காட்டில், நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் கூட்டிப் போக வேண்டும். கயிறும் இரண்டு மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. இங்கிலாந்தில் 2000இல் வந்த சட்டம் அது. எல்லாம் பறவைகளுக்காகத்தான். கர்லூ, கோல்டன் ப்ளவர், நம் ஊர் ஆள்காட்டியின் பங்காளியான லாப்விங் எல்லாமே தரையில் கூடு கட்டுபவை. ஒரு நாய் மோப்பம் பிடித்தபடி புதருக்குள் ஒரு சுற்று ஓடினால் போதும், தாய்ப் பறவை எழுந்து போய்விடும், முட்டை குளிரில் வீணாகிவிடும்.

ஈடேல் என்ற மலையடிவார ஊரில் இருந்து மேலே ஏறும் பாதைகளில் கேட் கேட்டாக அறிவிப்பு மாட்டினோம். கேபிள் டை, கத்தரி, துடைக்க ஒரு பழைய துணி, அவ்வளவுதான் கருவி. போன வருட அறிவிப்புகள் சில வெளுத்துப்போய் நாயின் படம் மட்டும் மிச்சமிருந்தது.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக: நான் ஷெஃபீல்டில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேசியப் பூங்கா ரேஞ்சர்களுக்குத் துணையாகத் தன்னார்வலராகப் போகிறேன். ரயிலில் அரை மணி நேரம்தான். ரேஞ்சர் என்றதும் காக்கி உடுப்பு, துப்பாக்கி, வனத்துறை ஜீப் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் பூங்காவில் பெரும்பகுதி தனியார் நிலம். பண்ணைகள், ஊர்கள், மதுக்கடைகள் எல்லாம் உள்ளேயேதான் இருக்கின்றன. எங்கள் ரேஞ்சர் யாரையும் கைது செய்ய முடியாது; அபராதப் புத்தகமும் அவர் கையில் இல்லை. பேச்சு ஒன்றுதான்.

மார்ச் 16, ஞாயிறு

மலை முயல் ஒன்று பார்த்தோம். பனி எப்போதோ உருகிவிட்டது, முயலோ இன்னும் பாதி வெள்ளை. பழுப்பு நிறச் சரிவில் அரை மைல் தள்ளியே தெரிகிறது, பாவம். இங்கிலாந்தில் இந்த முயல் இந்தப் பகுதியில் மட்டும்தான் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காக ஸ்காட்லாந்தில் இருந்து கொண்டுவந்து விட்ட கூட்டத்தின் வாரிசுகள்.

மார்ச் 30, ஞாயிறு

நாள் முழுக்கக் கல்சுவர். விரல் மடக்க முடியவில்லை, அதனால் மெதுவாகத்தான் தட்டச்சு செய்கிறேன்.

யாரோ படியைத் தேடிப் போகச் சோம்பல்பட்டுச் சுவர் மேலேயே ஏறிக் குதித்திருக்கிறார்கள். மேல்கல் இரண்டு விழுந்திருக்கிறது. அந்த இடைவெளியில் ஆடு ஏறியிருக்கிறது. அப்புறம் குளிர்காலத்து உறைபனி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. ஒரு ஆள் அகலத்துக்குச் சரிந்து கிடந்தது.

இங்கே சுவருக்குச் சுண்ணாம்போ சிமெண்டோ கிடையாது. கிரிட்ஸ்டோன் என்ற சொரசொரப்பான மணற்கல்லை வெறுமனே அடுக்குவதுதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சுவர். பிரித்தால்தான் தெரியும், உள்ளே இரண்டு சுவர்கள் ஒன்றை ஒன்று பார்த்துச் சாய்ந்து நிற்கின்றன. அடி அகலம், மேலே போகப் போகக் குறுகும். நடுவில் உள்ள குழியைச் சிறுகல் வைத்து நிரப்ப வேண்டும். அதை மண்வெட்டியால் வாரிக் கொட்டினால் ரேஞ்சருக்குக் கோபம் வந்துவிடும். ஒவ்வொன்றையும் கையால் வைத்து, அசையாதபடி இறுக்க வேண்டும். சிறுகல் தளர்ந்தால் சுவர் வயிறு தள்ளும், இரண்டு குளிர்காலத்தில் மறுபடி விழும்.

கல்லின் நீளமான பக்கம் சுவருக்கு உள்ளே போக வேண்டும், அழகான முகம் வெளியே தெரிந்தால் போதும். கீழ் வரிசையின் இணைப்பு எதுவோ அதன் மேல் முழுக் கல் உட்கார வேண்டும். பாதி உயரத்தில் இரண்டு முகங்களையும் சேர்த்துப் பிடிக்க, குறுக்கே முழு நீளக் கல் ஒன்று. கடைசியில் மேலே செங்குத்தாக மூடுகல் வரிசை. கையில் எடுத்த கல்லைத் திரும்பக் கீழே போடக்கூடாது, அதற்கு ஒரு இடம் கண்டுபிடி என்பது இங்குள்ளவர்கள் சொல்லும் பாடம். உண்மையில் எல்லோரும் கீழே போடுகிறார்கள். ரேஞ்சரும்தான், நான் பார்த்தேன்.

சாயங்காலம் பண்ணைக்காரர் குவாட் பைக்கில் வந்தார். சுவரைக் காலால் ஒரு உதை உதைத்தார். அசையவில்லை. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அது பாராட்டுதான் என்று ரேஞ்சர் விளக்கம் கொடுத்தார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆடுகள் ஈனும் நேரம். வயல் முழுக்கக் குட்டிகள், முதுகில் நீலத்திலும் சிவப்பிலும் எண்.

பாதையில் ஒரு பெண்மணி, கூடவே கயிறு இல்லாத ஸ்பேனியல். நானாக இருந்தால் நேரே விதியைச் சொல்லியிருப்பேன். ரேஞ்சர் குனிந்து நாயின் காதைச் சொறிந்தார். பெயர் கேட்டார், வயது கேட்டார். “நல்ல மூக்கு இதற்கு, பார்த்தாலே தெரிகிறது” என்றார். பெண்மணி பூரித்துப்போனார். அதன் பிறகுதான் வயலைக் காட்டினார். “அந்த மூலையில் நிற்கிற ஆடுகள் இன்னும் ஈனவில்லை. நாய் கடிக்கவே வேண்டாம், துரத்தினாலே போதும், பயத்தில் குட்டி கலைந்துவிடும்.”

“என் நாய் யாரையும் ஒன்றும் செய்யாதே.”

“செய்யாதுதான். ஆட்டுக்கு அது தெரியாது, இல்லையா?”

கயிறு காரில் இருக்கிறது என்றார் பெண்மணி. ரேஞ்சர் பாக்கெட்டில் கைவிட்டு, வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிற்றில் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். இதற்காகவே எப்போதும் வைத்திருக்கிறார். விஷயம் முடிந்தது.

1953இலேயே நாய்கள் கால்நடையைத் தொந்தரவு செய்வதைத் தடுக்கச் சட்டம் போட்டாயிற்று. வேறு வழியே இல்லாத நிலையில் ஆட்டைத் துரத்தும் நாயைப் பண்ணைக்காரர் சுட்டால், அவருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சட்டம் என்று வாயைத் திறந்ததும் எதிரில் இருப்பவர் வக்கீலாகிவிடுவார். கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.”

அதே மதியம் அடுத்த பக்கத்துக்கும் அதே வைத்தியம். ஒரு பண்ணையில் பொதுப் பாதைக் கேட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். யாரோ திறந்துவிட்டுப் போக, ஆடுகள் ரோட்டுக்கு வந்துவிட்டனவாம். கோபம் நியாயம், ஆனால் பொதுப் பாதையை அடைக்க முடியாது. சமையலறையில் உட்கார்ந்து தேநீர், இரண்டு பிஸ்கட், கம்பளி விலை பற்றி நீண்ட புலம்பல். எல்லாம் முடிந்து எழும்போது, “கேட்டுக்கு ஸ்பிரிங் வைத்துத் தருகிறோம், தானாக மூடிக்கொள்ளும்” என்றார் ரேஞ்சர். நாங்கள் வெளியே வருவதற்குள் பண்ணைக்காரர் கயிற்றை அறுத்துவிட்டார்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று பணி இல்லை, ஆனால் இந்தத் தேதியை எழுதாமல் விட முடியாது. 1932இல் இதே நாளில் ஹேஃபீல்டு ஊரில் இருந்து நூற்றுக்கணக்கானவர்கள் கிண்டர் ஸ்கவுட் மலைமேல் அனுமதி இல்லாமல் ஏறினார்கள். மான்செஸ்டர் பக்கத்து இளைஞர்கள், தொழிலாளிகள். முன்னால் நின்றவர் பென்னி ரோத்மன், வயது 20. மூர்நிலம் அப்போது பெரிய மனிதர்கள் கிரௌஸ் பறவை சுடும் இடம். நில உரிமையாளர்களின் காவலாட்களோடு கைகலப்பு நடந்தது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அத்துமீறி நுழைவது குற்றவியல் குற்றமே இல்லை என்பதால் கலகம், தாக்குதல் என்று வேறு பிரிவுகளில் வழக்குப் போட்டார்கள்.

1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட், பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா. வார்டன்களை (இன்றைய ரேஞ்சர்களின் பழைய பெயர்) நியமிக்கலாம் என்று அந்த 1949 சட்டத்திலேயே இருக்கிறது. 1954இல் ஈடேலில் டாம் டாம்லின்சன் முதல் வார்டனாக வந்தார். நில உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டு மூர்நிலத்தைத் திறந்துவிட்ட காலம் அது. திறந்துவிட்டால் யாராவது அங்கே நின்று இரண்டு தரப்பிடமும் பேச வேண்டுமே? அந்த ‘யாராவது’தான் வார்டன். என்னைக் கேட்டால், அதிகாரம் கொடுக்காமல் விட்டதுதான் நல்லது. காவலாளின் கம்பு இன்னொரு கைக்கு மாறியிருந்தால் 1932 திரும்பத் திரும்ப நடந்திருக்கும்.

1932இல் அவர்கள் ஏறிய நிலத்தில் ஒரு பகுதி டெவன்ஷயர் டியூக் குடும்பத்துடையது. 2002இல், 70ஆம் ஆண்டு விழாவில் 11ஆம் டியூக் நேரில் வந்து தன் தாத்தா செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார். 70 வருடம் கழித்து என்றாலும் கேட்டாரே.

மே 5, திங்கள், வங்கி விடுமுறை

மாம் டார் மலை அடிவாரத்தில் கார், கார், கார். புல் ஓரம், வளைவு, வயல் கேட் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கேட்டை அடைத்து நிறுத்தினால் பண்ணைக்காரர் டிராக்டரோடு உள்ளே மாட்டிக்கொள்வார். குறுகிய ரோட்டில் நிறுத்தினால் ஆம்புலன்ஸ் வராது. நாங்கள் வண்டிக் கண்ணாடியில் பணிவான சீட்டு வைப்போம். அவ்வளவுதான் எங்களால் முடியும்.

அப்புறம் ஒன்று. நாயின் கழிவைப் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, அந்தப் பையை மரக்கிளையில் தொங்கவிட்டுப் போகும் மனிதர்களின் மனநிலை எனக்குப் புரிந்ததே இல்லை.

மே 18, ஞாயிறு

மழையே இல்லை. பீட் நிலம், அதாவது பாதி மட்கிய செடிகள் படிந்து உண்டான கருமண், காலடியில் உலர்ந்த ரொட்டியாக நொறுங்குகிறது. தீக்காவல் பணி: உயரமான இடத்தில் நின்று புகை தெரிகிறதா என்று பார்ப்பது. கீழே இறங்கி, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பார்பிக்யூ தட்டோடு ஏறுபவர்களிடம் பேசுவது. பீட்டில் தீ பிடித்தால் மேலே அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே நாள்கணக்கில் புகைந்துகொண்டே ஊரும். ஒரு குடும்பம் தட்டைத் திரும்பக் காரில் வைத்துவிட்டு, எங்களுக்கும் சேர்த்து சாண்ட்விச் கொடுத்தது.

ஜூன் 29, ஞாயிறு

டெர்வெண்ட் ஆற்றங்கரையில் ஹிமாலயன் பால்சம் பிடுங்கினோம். நம் வீட்டுத் தொட்டியில் பூக்கும் காசித்தும்பையின் இனம்தான், ஆனால் ஆளை மறைக்கும் உயரம். 1839இல் தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். முற்றிய காயைத் தொட்டால் காசித்தும்பை மாதிரியே வெடித்து விதையை ஏழு மீட்டர் வரை வீசும். கரையில் வேறு எதையும் வளரவிடாது. குளிர்காலத்தில் தானும் செத்துப்போகும், அப்போது வெறும் மண்ணை ஆறு அரித்துவிடும். வேர் ஆழமில்லை, சுலபமாக வந்துவிடும். காய் விடுவதற்குள் பிடுங்க வேண்டும், அதுவும் ஆற்றின் மேல்பக்கத்தில் இருந்து தொடங்க வேண்டும். கீழே தொடங்கினால் மேலிருந்து வரும் விதை எல்லாவற்றையும் பாழாக்கும். கையெல்லாம் பச்சை வாடை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வடக்கே நார்த் யார்க் மூர்ஸ் என்ற இன்னொரு தேசியப் பூங்காவில் லாங்டேல் மூர் எரிகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது ராணுவப் பயிற்சி நிலம். மண்ணில் கிடக்கும் பழைய குண்டுகள் சூட்டில் வெடிப்பதால் தீயணைப்புக்காரர்கள் நெருங்கவே சிரமம். இங்கே எல்லோரும் வானத்தையே பார்க்கிறோம். தீ அபாயம் உச்சத்துக்குப் போனால் திறந்த மூர்நிலத்தை மூடலாம், ஆனால் அதன் வழியே போகும் பொதுப் பாதைகள் திறந்தேதான் இருக்கும். இந்த வித்தியாசத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு விளக்குவது எப்படி என்று யாராவது சொல்லுங்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

கிண்டர் மேலே ஸ்பாக்னம் பாசி நட்டோம். தொழிற்சாலைப் புகையில் செத்துப்போன பாசி இது. தன் எடையைப் போல 20 மடங்கு வரை தண்ணீர் பிடித்துவைக்கும். அது இல்லாமல் பீட் காய்ந்து, ஓடைகளில் கரைந்து, கருப்புத் தண்ணீராக இறங்கிக்கொண்டிருந்தது. பீட் வளர்வதோ வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர். குச்சியால் துளை போட்டு, ஒரு கைப்பிடி பச்சையை நுழைத்து, குதிகாலால் ஒரு மிதி. அடுத்த துளை. காற்று ஆளைத் தள்ளியது.

ஏறி வந்த பென்னைன் வே பாதையில் பதித்திருக்கும் பலகைக் கற்களில் பல, இடிக்கப்பட்ட லங்காஷயர் பஞ்சாலைகளின் தரையில் இருந்தவை. ஹெலிகாப்டரில் கொண்டுவந்து போட்டார்கள். பாதை அகன்று பீட்டை மிதித்துக் கெடுக்கக் கூடாது என்பதற்காக.

அடுத்த வாரம் ஹேஃபீல்டு பக்கம். ஒரு கேட் தூண் சாய்ந்திருக்கிறதாம், பண்ணைக்காரரே போன் செய்து சொன்னார். தூண் எங்களுடையது, குழி தோண்டுவது அவருடைய டிராக்டர் என்று பேசி முடித்திருக்கிறது. எட்டரை மணிக்கு வரச் சொன்னார். ஞாயிறு முதல் ரயிலைப் பார்க்க வேண்டும்.