மீட்டர் 240 என்றது, குப்பி கறுத்தது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த பிறகும் எங்கள் தெருவில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. வேளச்சேரிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. தெருத் தண்ணீர் தரைத்தளத்துச் சம்ப்புக்குள் இறங்கியிருந்ததால், மின்சாரம் வந்தவுடன் மோட்டார் வைத்து இறைத்து, ஆள் இறங்கித் தேய்த்துக் கழுவி, லாரித் தண்ணீர் அடித்து நிரப்பினோம். அன்று மாலை கீழ் வீட்டுக்காரர் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரைச் சம்ப்புத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, "இருநூத்து நாப்பதுதான் சார் காட்டுது, ஐந்நூறு வரைக்கும் குடிக்கலாம், அப்புறம் என்ன?" என்றார்.

ஐந்நூறு என்று அவர் சொன்னது சரிதான். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் இருக்கலாம் என்று குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்கிறது. ஆனால் அந்த மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டுமே. அதிலிருந்து உப்பின் அளவைக் கணக்கிட்டுத் திரையில் காட்டுகிறது. ஒரு குடம் தண்ணீரில் ஒரு கரண்டிச் சாக்கடை கலந்தால் அந்த எண் ஏறக்குறைய அசையாது. அதே தர நிர்ணயம், 100 மில்லிலிட்டர் நீரில் மலத்தோடு வரும் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்று வேறோர் அட்டவணையில் விதிக்கிறது. அந்த அட்டவணைக்குப் பேனா மீட்டர் கிடையாது.

என்னிடம் பத்துக் குப்பிகள் கொண்ட ஒரு பெட்டி இருந்தது. தண்ணீரில் மலம் கலந்திருந்தால் கறுத்துக் காட்டும் அதை எச்2எஸ் குப்பி என்பார்கள். சிறிய கண்ணாடிக் குப்பி, உள்ளே மருந்து ஊறிக் காய்ந்த காகிதப் பட்டை, 20 மில்லிலிட்டருக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். சம்ப்பு, மொட்டை மாடித் தொட்டி, சமையலறை ஆர்.ஓ. குழாய் என மூன்று இடங்களிலிருந்தும் கோடு வரை பிடித்து மூடினேன். மூன்றும் வெளிர் மஞ்சளாக இருந்தன. அவற்றை 30 முதல் 37 டிகிரி வரையிலான சூட்டில் வைக்க வேண்டும். மார்கழியை ஒட்டிய இரவுகளில் வீட்டுக்குள் அந்தச் சூடு கிடைக்காது என்பதால், துண்டில் சுற்றி, எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும் செட்-டாப் பாக்ஸின் தலையில் ஏற்றி வைத்தேன். மறுநாள் காலையில் சம்ப்புக் குப்பி எழுதும் மையைப் போல் கறுத்திருந்தது. மாடித் தொட்டிக் குப்பி மதியம் வரை மஞ்சளாகவே இருந்து, மாலையில் அடியிலிருந்து புகை படிந்தாற்போல் கறுக்கத் தொடங்கியது. ஆர்.ஓ. குப்பி இரண்டு நாளும் நிறம் மாறவில்லை.

குவாலியரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தைச் சேர்ந்த மஞ்சாவும் உடன் பணியாற்றியவர்களும் 1982-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்ட சோதனை இது. மலத்தோடு வரும் பல பாக்டீரியாக்கள் காகிதத்திலுள்ள தயோசல்பேட்டைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான அந்த வாயு, அதே காகிதத்திலுள்ள இரும்புடன் சேர்ந்து கரிய இரும்பு சல்பைடாகிறது. நுண்ணோக்கி, மின்சாரம், படித்த ஆள் எதுவும் வேண்டாம். குறையும் உண்டு. கந்தக நெடியுள்ள கிணற்று நீர் மலக் கலப்பு இல்லாமலேயே கறுக்கலாம். எந்தக் கிருமி, எத்தனை என்றும் குப்பி சொல்லாது. இருந்தும், என் கணக்கில் இந்த நாட்டில் உருவான மிக உருப்படியான சென்சார்களில் இது ஒன்று.

இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு மேசையிலேயே பார்த்தேன். சுத்திகரிப்புக் கருவி விற்க வந்த ஒருவர், இரண்டு டம்ளர்களில் குழாய்த் தண்ணீரையும் தம் கருவியின் தண்ணீரையும் வைத்து, உலோகக் கம்பிகள் தொங்கும் ஒரு கருவியை முக்கி மின்சாரம் பாய்ச்சினார். குழாய்த் தண்ணீர் நிமிடத்தில் பழுப்பாகி, குழம்பாகத் திரண்டது. மற்றது தெளிவாக நின்றது. வீட்டிலிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்ததே அல்ல, கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. உப்புள்ள நீரில் மின்சாரம் பாய்வதால் இரும்பு கரைகிறது, உப்பு நீக்கிய நீரில் பாயாததால் கரையவில்லை. அவருடைய தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு மறுபடி முக்கச் சொன்னேன், அதுவும் பழுப்பானது. அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

கீழ் வீட்டுக்காரர் கறுத்த குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்: தம் சர்க்கரையை ஒரு துளி ரத்தத்தில் சில நொடிகளில் பார்த்துவிட முடிகிறபோது, தண்ணீர்க் கிருமிக்கு ஏன் ஒரு நாள் காத்திருக்க வேண்டும்? லேலண்ட் கிளார்க் 1962-இல் நொதியை மின்முனையோடு சேர்த்துச் சர்க்கரையை அளக்க வழி காட்டியதிலிருந்து உயிரி சென்சார் துறை வளர்ந்துகொண்டே வருகிறது என்பது உண்மை. ஆனால் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 100 மில்லிகிராம் இருக்கிறது. ஓர் ஈ.கோலையின் எடையோ ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதே அளவு நீரில் தேட வேண்டிய பொருள் பத்தாயிரம் கோடி மடங்கு குறைவு. கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை மின்முனையில் பூசி வைக்கலாம். ஆனால் சர்க்கரை மீட்டரின் பட்டையைப் போல அது உறிஞ்சும் ஓரிரு துளிக்குள் அந்த ஒற்றைக் கிருமி வந்து சேர வேண்டுமே.

ஆகவே ஒன்றைப் பலவாக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நல்ல உணவும் சூடும் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும்; ஏழு மணி நேரத்தில் ஒன்று சுமார் 20 லட்சமாகிவிடும். குப்பி செய்வது அதைத்தான். பி.சி.ஆர். கருவியும் இதே இரட்டிப்பைச் செய்கிறது, கிருமிக்குப் பதில் அதன் மரபணுத் துண்டை. 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். மணிக்கணக்கில் முடிந்துவிடும் என்றாலும், முதலில் தண்ணீரை வடிகட்டிச் சில துளிகளுக்குள் அடக்க வேண்டும், செத்த கிருமியின் மரபணுவையும் அது எண்ணிவிடும். உடனே பதில் தருவதற்கு ஒளிர்வு சென்சார் இருக்கிறது: 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியை நீரில் செலுத்தினால் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் போன்ற பொருள்கள் 350 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் மினுங்கும்; கழிவு கலந்த நீரில் அந்த மினுக்கம் கூடுதலாக இருக்கும். நிலத்தடி நீருக்கு இதை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். எனினும் கிருமியின் நிழலைத்தான் அது பார்க்கிறது, கிருமியை அல்ல.

சம்ப்பை மறுபடி காலி செய்து நிரப்பி, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு, மாடித் தொட்டிக்கும் அதே தண்ணீரை ஏற்றினோம். குளோரினை அளக்கச் சுகாதார ஆய்வாளர்கள் கையில் வைத்திருக்கும் குளோரோஸ்கோப்பில் ஆர்த்தோடோலுடின் சொட்டுகளை விட்டவுடன் நீர் மஞ்சளானது. எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமை ஒட்டி இருந்தது. வைரஸ் அச்சமுள்ள காலத்தில் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்ச அளவு அது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் புதிய இரண்டு குப்பிகளும் செட்-டாப் பாக்ஸின் மேல் மஞ்சளாகவே இருந்தன. கறுத்த பழைய குப்பிகளைத் திறந்து முகர்ந்து பார்க்கவில்லை. அவற்றுக்குள் இப்போது இருப்பது ஒன்றல்ல, கோடிக்கணக்கான கிருமிகள். பக்கெட்டில் கெட்டியாகக் கரைத்த பிளீச்சிங் நீருக்குள் அமிழ்த்திவைத்துத் திறந்து, ஒரு நாள் ஊறவிட்டு, பிறகே குப்பையில் போட்டேன்.