165 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-லேயே நின்றது: பழைய கேமிங் லேப்டாப்பில் சரிசெய்த கதை

27 இன்ச், 1440பி (2560 x 1440 பிக்சல்), 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 தடவை படம் மாறும்) மானிட்டர் ஒன்றை என் லேப்டாப்போடு இணைத்தேன். லேப்டாப் வாங்கிச் சில வருஷம் ஆகிவிட்டது, ஆனால் உள்ளே தனி என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது, ஷூட்டிங் கேம்களுக்கு இன்னும் தாராளமாகப் போதும். பெட்டியில் வந்த எச்டிஎம்ஐ கேபிளைத்தான் மாட்டினேன். படம் பளிச்சென்று வந்தது, ஆனால் மவுஸை வேகமாக ஆட்டினால் கர்சர் அதே பழைய மாதிரி விட்டு விட்டுத்தான் ஓடியது.

விண்டோஸ் புது மானிட்டரைப் பார்த்தால் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸிலேயேதான் ஆரம்பிக்கும், அது பிரச்சினையே இல்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது இந்த ஹெர்ட்ஸ் எண்ணை, மாற்றிக்கொள்ளலாம். பலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். எனக்கு அந்தப் பட்டியலில் 59.95 மட்டும்தான் இருந்தது. 120 இல்லை, 144 இல்லை.

இந்த இடத்தில் நிறையப் பேர் மானிட்டர் கோளாறு என்று நினைத்து ரிட்டர்ன் போட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒன்றைச் செய்து பாருங்கள்: ரெசல்யூஷனை 1920 x 1080-க்கு இறக்கிவிட்டு அதே பட்டியலைத் திறங்கள். எனக்கு உடனே அதில் 120 வந்து நின்றது. அப்படியென்றால் மானிட்டர் வேகமாக ஓடத் தயார், நடுவில் உள்ள பாதைதான் குறுகலாக இருக்கிறது என்று அர்த்தம்.

கணக்குப் போட்டால் இது தெளிவாகிவிடும். 2560 x 1440 என்றால் ஒரு ஃப்ரேமில், அதாவது ஒரு முழுப் படத்தில், சுமார் 37 லட்சம் பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் 24 பிட், நொடிக்கு 165 ஃப்ரேம் என்று பெருக்கினால் 14.6 ஜிகாபிட் வருகிறது. ஃப்ரேம்களுக்கு இடையில் விடும் இடைவெளியையும் சேர்த்தால் 16-க்கு மேல் போய்விடும். எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் படத்துக்கென்று கிடைப்பதே 8.16 ஜிகாபிட்தான். எச்டிஎம்ஐ 2.0 என்றால் 14.4, அதில் 1440பி 144 வரை போகும், 165 போகாது. எச்டிஎம்ஐ மாதிரியே படம் அனுப்பும் இன்னொரு இணைப்பான டிஸ்ப்ளே போர்ட் 1.2-இல் 17.28 கிடைக்கும், 1.4-இல் 25.92. என் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 1.4 வகை. எவ்வளவு விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினாலும் அந்தப் போர்ட்டிலிருந்து 1440பி 165 வரவே வராது. இதைத் தெரிந்துகொண்டதில் கேபிள் காசு மிச்சம்.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் புரிந்தது. என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் இடது பக்கம் டிஸ்ப்ளே என்ற பகுதியே இல்லை. என்விடியா கார்டோடு நேரடியாக எந்தத் திரையும் இணையாதபோதுதான் அப்படி இருக்கும். அதாவது என் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ போர்ட்டுக்குப் போகும் ஒயர் ப்ராசஸருக்குள் இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸிலிருந்து வருகிறது. கேமை என்விடியா வரைந்து, இன்டெல்லிடம் கொடுத்து, அது மானிட்டருக்கு அனுப்புகிறது. எல்லா லேப்டாப்பும் இப்படி இல்லை, சிலவற்றில் எச்டிஎம்ஐ நேராக என்விடியாவோடு இருக்கும், டைப்-சி இன்டெல்லோடு இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் உங்கள் மாடலின் ஸ்பெக் ஷீட்டை எடுத்துப் படித்தே ஆக வேண்டும்.

சரி, மிச்சம் இருந்தது டைப்-சி போர்ட். எல்லா டைப்-சி போர்ட்டும் படம் அனுப்பாது, சிலவற்றில் டேட்டா மட்டும்தான். போர்ட் பக்கத்தில் பி, டி இரண்டு எழுத்தும் சேர்ந்த மாதிரியான சின்னமோ மின்னல் சின்னமோ இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அந்த டிஸ்ப்ளே போர்ட் சின்னம் இருந்தது. வீட்டில் கிடந்த டைப்-சி ஹப்பை மாட்டி, அதன் எச்டிஎம்ஐ வழியாக இணைத்தேன். மறுபடியும் 60. அந்த ஹப்பின் எச்டிஎம்ஐ 4கே 30 வரைக்கும்தான் தாங்கும், அப்புறம் 1440பி-இல் அது எப்படி 165 கொடுக்கும்? கேமிங் மானிட்டருக்கு ஹப் வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. யூஎஸ்பி 3 வேகமும் சேர்த்துத் தரும் பல ஹப்களில் டைப்-சிக்குள் இருக்கும் நான்கு லேனில் (டேட்டா போகும் பாதை) இரண்டுதான் படத்துக்குக் கிடைக்கும், பாதி வேகம் அங்கேயே போய்விடும்.

ஒரு முனையில் டைப்-சி, மறு முனையில் டிஸ்ப்ளே போர்ட் உள்ள நேரடி கேபிள் ஒன்று வாங்கினேன். அட்டையில் டிஸ்ப்ளே போர்ட் 1.4, 32.4 ஜிகாபிட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன் (அது மொத்த வேகம், அதில் படத்துக்குக் கிடைப்பதுதான் மேலே சொன்ன 25.92). மாட்டியதும் கண்ட்ரோல் பேனலில் டிஸ்ப்ளே பகுதி வந்துவிட்டது, அதற்குள் மானிட்டரின் வேகத்தைக் கார்டோடு ஒத்துப்போக வைக்கும் ஜி-சிங்க் அமைப்பும் இருந்தது. அதைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலில் 60, 120, 144. ஆனால் 165 மட்டும் காணவில்லை.

அது மானிட்டர் பக்கத்து விஷயம். இந்த மானிட்டருக்கு இயல்பான வேகம் 144, 165 என்பது ஓவர்கிளாக், அதாவது இயல்பைத் தாண்டி ஓட்டுவது. மானிட்டரின் பின்பக்கப் பட்டனை அழுத்தி, மெனுவில் ஓவர்கிளாக் என்பதை ஆன் செய்ய வேண்டும். செய்ததும் திரை ஒரு தடவை அணைந்து எரிந்தது, விண்டோஸ் பட்டியலில் 165 வந்துவிட்டது. சில மானிட்டர்களில் அதே மெனுவில் டிஸ்ப்ளே போர்ட் 1.1, 1.2, 1.4 என்று தேர்வு செய்யும் இடமும் இருக்கும். அது குறைந்த எண்ணில் இருந்தால் எதைச் செய்தாலும் வேகம் வராது, அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

லேப்டாப் திரையும் மானிட்டரும் ஒரே படத்தைக் காட்டும் டூப்ளிகேட் நிலையில் இருந்தால் வேகமான திரையும் மெதுவான திரையின் அளவுக்கு இறங்கிவிடும். விண்டோஸ் பட்டனோடு பி-யை அழுத்தி, இரண்டாவது திரை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

அதன் பிறகும் கேமுக்குள் போனால் வித்தியாசம் தெரியவில்லை. முழுத்திரையில் ஓடும்போது கேம் தன் சொந்த செட்டிங்கில் 60 என்று வைத்திருந்தது, ஃப்ரேம் லிமிட்டும் 60. இரண்டையும் மாற்றினேன். பேட்டரியில் ஓடும்போது என்விடியாவின் பேட்டரி பூஸ்ட் என்ற அமைப்பு ஃப்ரேமைக் குறைத்துவிடும், அதனால் சார்ஜர் எப்போதும் செருகியே இருக்கட்டும். மானிட்டரின் ஹெர்ட்ஸ் வேறு, கார்டு தரும் ஃப்ரேம் வேறு என்பதும் நினைவில் இருக்க வேண்டும். என் கார்டு 1440பி-இல் எல்லா கேமிலும் 165 ஃப்ரேம் தராது, 90, 100 என்று ஏறி இறங்கும். அங்கேதான் ஜி-சிங்க் உதவுகிறது, ஃப்ரேம் வரும் நேரத்துக்கு ஏற்ப மானிட்டர் தன்னை மாற்றிக்கொள்வதால் படம் கிழிவதில்லை.

உண்மையிலேயே 165 ஓடுகிறதா என்று பார்க்க மானிட்டர் மெனுவின் தகவல் பக்கத்தைத்தான் நான் நம்புகிறேன், உள்ளே வரும் சிக்னலின் வேகம் அதில் அப்படியே தெரியும். டெஸ்ட் யூஎஃப்ஓ தளத்தில் நகரும் விண்கலங்களையும் பார்க்கலாம், 60-இல் மங்கலாகத் தெரியும் விளிம்புகள் 165-இல் தெளிவாக இருக்கும். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் 16.7 மில்லி செகண்ட் என்பது 6.06-க்கு இறங்கிவிடுகிறது. 60-லிருந்து 144-க்குத் தாவும்போது கை உணர்வே மாறிவிட்டது, எதிரி மேல் குறி வைக்கும்போது படம் கையோடு கூடவே வருகிறது. 144-க்கும் 165-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்றே சொல்வேன்.

165-இல் திரை அவ்வப்போது ஒரு நொடி கறுத்துக் கறுத்து வந்தால் முதலில் 144-க்கு இறக்கிப் பாருங்கள். அங்கே அந்தத் தொல்லை நின்றுவிட்டால் கேபிள் மேல்தான் சந்தேகப்பட வேண்டும். நீளம் கூடக் கூட இந்தத் தொல்லை அதிகம், மேஜைக்கு இரண்டு மீட்டருக்குள் போதும். கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட் ஆன பிறகு ஒரு தடவை 60-க்கே திரும்பிவிட்டது, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் மறுபடி 165 கொடுத்ததும் சரியாகிவிட்டது.