ஷிப்ட் விசைக்குள் ஒரு தட்டச்சுப்பொறி

கீபோர்டில் ஷிப்ட் விசையை அழுத்தும்போதெல்லாம் 1878-இல் வந்த ரெமிங்டன் 2 தட்டச்சுப்பொறி நினைவுக்கு வரும். அதில் அந்த விசையை அழுத்தினால் தாளைத் தாங்கிய உருளையே நகரும். ஒரே கம்பியின் முனையில் சின்ன எழுத்தோடு சேர்ந்திருந்த பெரிய எழுத்து அப்போது தாளில் விழும். உருளை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. நாளைக்குப் பேச்சிலேயே எல்லா வேலையும் நடந்தாலும், இப்படி ஏதோ ஒன்று மிஞ்சும் என்றே நினைக்கிறேன்.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் அடிப்படை மாடலில் நினைவகம் வெறும் 16 கிலோபைட். இன்று 16 ஜிகாபைட் சாதாரணம். பத்து லட்சம் மடங்கு! சரி, வேகமும் கொள்ளளவும் இன்னும் கூடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

என் கவலை வேறு. அந்தப் பழைய பெட்டியைத் திருகாணி கழற்றித் திறக்கலாம், அட்டைகளைச் செருகலாம். அதன் சர்க்யூட் வரைபடத்தைக்கூடக் கையேட்டில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். இப்போது பல லேப்டாப்களில் நினைவகத்தைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். மாற்றவே முடியாது.

போன வாரம் என் பழைய லேப்டாப்பைத் திறந்து நினைவகத்தை மாற்றினேன். புதுச் சில்லு 'க்ளிக்' என்று உட்கார்ந்தபோது அவ்வளவு சந்தோஷம். வரப்போகும் கணினிகளிலும் அந்தச் சத்தம் எனக்கு வேண்டும்.