பத்தரை மணிக் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஹோட்டலுக்கு மூன்று கூட்டம் வரும். நான் மயிலாப்பூரில் ஒரு சைவ ஹோட்டலில் சூப்பர்வைசர். ஏழு மணிக்கு மெரினாவில் நடந்துவிட்டு வருகிற பெரியவர்கள்: இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, போய்க்கொண்டே இருப்பார்கள். ஒன்பதரை வாக்கில் சாந்தோம் சர்ச்சில் பூசை முடிந்து குடும்பங்கள் வரும். இவர்களால் ஒரு தொல்லையும் இல்லை. பத்தரைக்கு வருகிறதே, அதுதான் கூட்டம். தாமதமாக எழுந்தவர்கள், பேச்சிலர் பையன்கள், பக்கத்து அப்பார்ட்மெண்ட்காரர்கள். டிஃபனுக்கு நேரம் கடந்துவிட்டது, சாப்பாட்டுக்கு இன்னும் ஆகவில்லை. நட்சத்திர ஹோட்டல்களில் இதையே பிரஞ்ச் என்று தலைக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். எங்களிடம் நெய் ரோஸ்டும் காபியும்தான்.

மற்ற நாளில் பத்தரைக்கு இட்லிக் கொப்பரை இறங்கும், உலை ஏறும். டிஃபன் சாம்பார் அண்டா காலியாகி, சாப்பாட்டுச் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிறன்று இரண்டும் சேர்ந்தே ஓட வேண்டும். அடுப்பு மட்டும் அதே எண்ணிக்கைதான். சாம்பார், குழம்பு வைக்கிற சரக்கு மாஸ்டருக்கும் தோசை மாஸ்டருக்கும் வாய்த்தகராறு வருவது அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான்.

மாவு தனிக் கணக்கு. சனி இரவு ஆட்டியது, சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கெல்லாம் புளித்துப் பொங்கி நிற்கும். அதனால் பாதியை ஃபிரிட்ஜில் வைப்போம். ஆனால் குளிர்ந்த மாவு கல்லில் சரியாகப் பரவாது, கரண்டியோடு இழுத்துக்கொண்டு வரும். முன்கூட்டியே வெளியே எடுத்து வைக்க வேண்டும். எவ்வளவு எடுப்பது? கூட்டத்தை யார் கண்டது? முகூர்த்த நாள் என்றால் பாதிப் பேர் கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிடுவார்கள். பக்கத்துப் பள்ளியில் ஏதாவது தேர்வு நடந்தால் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்ட பெற்றோர் மொத்தமும் இங்கே இருப்பார்கள். காலண்டரைப் பார்க்காமல் மாஸ்டர் மாவில் கை வைக்கமாட்டார்.

இந்தக் கூட்டம் கேட்பது ரவா தோசை. கையில் நேரம் இருக்கிறதல்லவா! ரவா மாவை மற்ற மாவு போல் தேய்க்க முடியாது. நீர்க்கக் கரைத்ததை அடிவரை கலக்கி, ஓரத்திலிருந்து வீசி ஊற்ற வேண்டும். வலை வலையாக விழுந்து, நிதானமான சூட்டில் முறுகி வர வேண்டும். அது வேகும் நேரத்தில் சாதா தோசை இரண்டு மூன்று எடுத்துவிடலாம். ஒரே டேபிளில் ஆறு பேரும் ரவா சொன்னால் அந்தக் கல்லை மறந்துவிட வேண்டியதுதான்.

இங்கேதான் சப்ளையரின் அனுபவம் தெரியும். பழைய ஆள், “ரவா கொஞ்சம் லேட்டாகும் சார், பொடி ரோஸ்ட் உடனே வரும், குழந்தைக்கு முதல்ல ஒண்ணு கொண்டாந்துடவா?” என்பார். ஆறு ரவா மூன்றாகிவிடும், யாருக்கும் மனக்குறையும் இராது. புதுப் பையன் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டு போவான். உள்ளே மாஸ்டரிடமும் வெளியே கஸ்டமரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வான். ‘ரவா தோசை 11 மணி வரை’ என்று போர்டு வைத்துப் பார்த்தோம். “போர்டு கிடக்கட்டும்ணே, மூணு ரவா” என்றார்கள்.

சாப்பிட்டு முடித்தும் எழமாட்டார்கள். காபி குடிக்கிறவர் நாற்காலிக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் வந்து நிற்கும். எழுப்பிவிடச் சொல்லி முதலாளி கல்லாவிலிருந்து கண் காட்டுவார். எனக்கு அது பிடிக்காது. வாரம் முழுக்க ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடுகிற குடும்பம், அன்றைக்கு ஒருநாள் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறது. பில்லை வைத்துவிட்டு, டேபிளை ஒருமுறை துடைக்கச் சொல்வேன். புரிகிறவர்களுக்குப் புரியும்.

ஞாயிறு என்றால் சப்ளையர்களுக்கு டிப்ஸ் நாளாகவும் இருந்தது. முன்பெல்லாம் சோம்புத் தட்டில் மீதிச் சில்லறை வரும், பத்தோ இருபதோ அதிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். இப்போது போனில் ஸ்கேன் செய்துவிடுகிறார்கள், பைசா பிசகாமல். தட்டில் சோம்பு மட்டும் திரும்பி வருகிறது. யாரிடமும் கஞ்சத்தனம் கூடிவிடவில்லை. மீதி வாங்குகிற அந்த ஒரு நிமிடம் இல்லாமல் போய்விட்டது.

பையன்கள் முறையிட்டதும் கல்லா அருகே ஓர் உண்டியல் வைக்க முதலாளி சம்மதித்தார். கொஞ்சம் விழத்தான் செய்கிறது. ஆனால் பொது உண்டியல் என்றதும் தோசை மாஸ்டரும் கிளீனர் அம்மாவும் பங்கு கேட்கிறார்கள். “ரவா ஊத்தி வெந்தவன் நான், காசு மட்டும் உனக்கா?” என்கிறார் மாஸ்டர். நான் அவர் பக்கம். சப்ளையர்கள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.