ஊத்துக்குளியில் நிற்கும் வண்டி

தை நோம்பிக்கு வெள்ளையடிக்க அட்டாலியில் கிடந்ததை எல்லாம் இறக்கினோம். பித்தளை அண்டா இரண்டு, பல்லாங்குழி, கைப்பிடி போன வாணல், யாருடையது என்றே தெரியாத ஒற்றைச் செருப்பு. கடைசியாக, சணல் கயிற்றில் எட்டு முடிச்சுப் போட்ட ஒரு அட்டைப் பெட்டி. முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அப்பா போட்டது. உள்ளே இருப்பது ரயில்.

பெரிய மாமா நூல் மில் மெஷின் வேலை பழக ஜெர்மனி போனவர், 1986இல் திரும்பி வரும்போது வாங்கி வந்தது. புகைபோக்கி வைத்த ஓர் எஞ்சின், மூன்று பெட்டி, வட்டமாகச் சேர்க்கிற பித்தளைத் தண்டவாளம், கரண்டு கொடுக்க ஒரு டிரான்ஸ்பார்மர். அசல் ரயிலில் 87இல் ஒரு பங்கு. ஊர்ப் பையன்கள் நுங்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஜெர்மன் ரயில் ஓடியது. சரியாகச் சொன்னால், அப்பா ஓட்டினார், நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். இரண்டு வருடத்தில் வண்டி நின்றுபோனது. அப்பா கட்டி மேலே ஏற்றிவிட்டார். "என்னைத் தொட விட்டிருந்தா கெட்டே போயிருக்காது" என்று போன வருடம் வரை வீட்டுக்காரியிடம் குறைபட்டுக்கொண்டிருந்தவன் நான்.

பையனுக்கு ஒன்பது வயது. பெட்டியைப் பார்த்ததும் அன்றைக்கே ஓட்டியாக வேண்டும் என்று நின்றான். டிரான்ஸ்பார்மரின் ஒயர் ரப்பர் வெடித்து உள்ளே செம்பு தெரிந்தது. அதை மட்டும் மாற்றிவிட்டுத்தான் பிளக்கில் சொருகினேன். இந்தக் கதையில் நான் புத்தியோடு செய்த காரியம் அது ஒன்றுதான். குமிழைத் திருப்பினேன். எஞ்சினின் முன்விளக்கு எரிந்தது. "ம்ம்ம்" என்று கொசு போல ஒரு முனகல். அசையவில்லை. இன்னும் திருப்பினேன். முனகல் கூடியது, லேசாகச் சூடேறிய வாசமும் வந்தது. பயந்து நிறுத்திவிட்டேன்.

எங்கள் வீடு ஊத்துக்குளி ஆர்.எஸ்.ஸில், லைனுக்குப் பக்கத்தில். அந்த நேரம் பார்த்து கோயமுத்தூர்ப் பக்கம் போகும் எக்ஸ்பிரஸ் ஒன்று ஜன்னல் கதவெல்லாம் அதிரக் கடந்துபோனது. பையன் வெளியே ஒரு தடவை பார்த்தான், தரையை ஒரு தடவை பார்த்தான். "அது 25,000 வோல்ட்ல ஓடுதுப்பா. இது 12 வோல்ட்டுக்கே நகர மாட்டேங்குது." பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் ஏன்தான் சொல்லிக்கொடுக்கிறார்களோ.

அப்புறம் வைத்தியம் தொடங்கியது. நம் வீடுகளில் ஒரு பொருள் ஓடவில்லை என்றால் ஆளுக்கொரு மருந்து வைத்திருப்பார்கள். "தண்டவாளம் களிம்பு புடிச்சிருக்குதுங்க. புளி போட்டுத் தேய்ச்சா பளிச்சுனு ஆயிரும். குத்துவெளக்குக்கே ஆகுது, இதுக்கு ஆகாதா?" என்றாள் வீட்டுக்காரி. தேய்த்தோம். தங்கம் போல மின்னியது. மறுநாள் காலையில் பார்த்தால் இண்டு இடுக்கெல்லாம் பச்சை. புளித் தண்ணீர் உள்ளே தங்கி, இருந்த களிம்புக்குத் துணைக்கு ஆள் சேர்த்திருந்தது. பக்கத்து வீட்டு மாமா உப்புத்தாளோடு வந்தார். நல்லவேளை, அதற்குள் கொஞ்சம் விசாரித்து வைத்திருந்தேன். உப்புத்தாள் போட்டால் விழுகிற கீறலில்தான் அடுத்த அழுக்கு குடியேறும். கடைசியில் வேலைக்கு ஆனது பையனின் பென்சில் ரப்பர். ரப்பரால் அழுத்தி அழித்துவிட்டு, மொபைல் சர்வீஸ் கடையில் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்தால் துணி கரித்துணி ஆகிறது, தண்டவாளம் சுத்தமாகிறது.

"ஒரு சொட்டு நல்லெண்ணெய் உடு சாமி, ஓடீரும்" என்றார் அம்மா. வெண்ணெய்க்குப் பேர்போன ஊர் இது. வெண்ணெய் தடவச் சொல்லாமல் விட்டாரே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் எஞ்சின் முனகலோடு சரி. விஜயமங்கலம் போகிற ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் தம்பி ஒருவர் இருக்கிறார். எஞ்சினைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சும்மா இருந்த அப்பா, "நானும் வர்றேன்" என்று மொபெட்டில் ஏறிக்கொண்டார். வயது 76. ஜெர்மன் சொத்தைத் தனியாக என் கையில் விட மனமில்லை போல.

கடையில் எங்களுக்கு முன்னால் ஏழரை எச்.பி. மோட்டார் ஒன்று வயிறு திறந்து கிடந்தது. தம்பி எங்கள் எஞ்சினை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எத்தன எச்.பி.ங்ண்ணா?"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அடுத்துக் கேட்டதுதான் கேள்வி. "ஏசியா, டிசியா?" டிரான்ஸ்பார்மரின் அடியில் 12 வோல்ட் டிசி என்று போட்டிருந்ததைச் சொன்னேன். இதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. அதே ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி செய்யும் இதே அளவு ரயில்கள் நடுவில் மூன்றாவது தொடர்பு வைத்து ஏசியில் ஓடுகிறவை. அதன் டிரான்ஸ்பார்மரை இதற்கு மாற்றிக் கொடுத்தால் காரியம் கெட்டுவிடும். "டிசின்னா லேசுங்க. ஒரு கம்பி ப்ளஸ், ஒரு கம்பி மைனஸ். மாத்திக் குடுத்தா பின்னால போகும்" என்றவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். "காயில் எரியல. அப்பவே நிறுத்தினீங்க பாருங்க, அதுதான் காப்பாத்துச்சு. சுத்தாம நின்னு முனகுற மோட்டாருக்குக் கரண்ட ஏத்திக்கிட்டே போனா பத்து எச்.பி.யும் எரியும், பத்து ரூவா மோட்டாரும் எரியும்."

இரண்டு திருகைக் கழற்றி மேல்மூடியை எடுத்தார். பல்சக்கரங்களின் மேல் தேன் நிறத்தில் ஏதோ உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டினார். விரலுக்கிடையில் வைத்து உருட்டினார். முகம் மாறியது.

"இது கிரீசு இல்லைங்களே. எண்ணெய்த் தூக்கு வெளிம்புல பிசுபிசுன்னு காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அது. சமையல் எண்ணெய். தோட்டத்து மோட்டாருக்குக் கடலெண்ணெய் உட்டுக் கொண்டாறவங்களப் பாத்திருக்கறேன். ரயிலுக்கு ஆருங்க இத ஊத்துனது?"

எனக்குக் காது சூடேறியது. 1988, ஒரு சனிக்கிழமை. தலைக்குத் தேய்க்க அம்மா காய்ச்சி வைத்த நல்லெண்ணெய்க் கிண்ணம். அப்பா தோட்டத்துக்குப் போயிருந்தார். எண்ணெய் ஊற்ற வேறு வழி தெரியாமல் எஞ்சினின் புகைபோக்கியில் சாய்த்தேன். அன்று சாயங்காலம் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு வாரம் கழித்து நின்றது.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. "அன்னைக்கு இவனுக்கும் ரயிலுக்கும் சேர்த்து எண்ணெய்க் குளியல்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ரயில்ல நல்லெண்ணெய் வாசம் வந்தா தெரியாதாடா? நீயாச் சொல்லுவீன்னு பாத்தேன்."

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பார்த்திருக்கிறார்! தம்பி ரொம்ப நேரம் குனிந்தே வேலை செய்தார். தோள் மட்டும் குலுங்கியது.

பல்சக்கரங்களைக் கழற்றி ஸ்பிரிட்டில் ஊற வைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மெச்சரின் முனையில், காயிலுக்குக் கரண்டு வாங்கிக் கொடுக்கும் கம்யூட்டேட்டர் கரி படிந்து கறுத்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு, அதன் துண்டுகளுக்கு நடுவே உள்ள இடுக்கைச் சீமாற்றுக் குச்சியைக் கூராக்கிக் கீறி எடுத்தார். அந்த இடுக்கில் கரித்தூள் அடைத்தால் கரண்டு குறுக்கே ஓடிவிடுமாம். அதை உரசிக் கரண்டு கொடுக்கும் கார்பன் கட்டி இரண்டும் தேயாமல் இருந்தன. காந்தத்தில் மட்டும் கை வைக்கவில்லை, பழைய மோட்டாரில் கழற்றினால் அதன் வலு குறையும் என்றார். கூலி கேட்டதற்கு, "ஓடுனா வீடியோ அனுப்புங்க" என்று விட்டார்.

எண்ணெய் போடும் வேலை என்னுடையது. திருப்பூர்ப் பக்கம் தையல் மெஷின் எண்ணெய் இல்லாத வீடு ஏது? ஊசி முனையில் தொட்டு அச்சு சுற்றும் இடத்தில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். அதிகம் போனால் வழிந்து கம்யூட்டேட்டரில் சேர்ந்து, தூசியோடு கலந்து, மறுபடி 1988தான். நான் தொடும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். பெட்டிகளின் அச்சில் நூலும் முடியும் சுற்றியிருந்ததை இடுக்கியால் உருவினேன். ஒரு சாண் நீளத்துக்கு ஒரு முடி. "என்றது இல்ல, உங்க அத்தையோடது" என்றார் அம்மா உடனே.

எஞ்சினின் இரண்டு சக்கரத்தில் வழுக்காமல் இருக்க ரப்பர் வளையம் இருந்திருக்கிறது. இறுகி, உதிர்ந்துவிட்டது. பனியன் கம்பெனி எலாஸ்டிக்கைக் கட்டிப் பார்த்தேன். முடிச்சு வரும்போதெல்லாம் எஞ்சின் நொண்டியது. கழற்றி எறிந்துவிட்டேன். சமதரையில் அது இல்லாமலே போகிறது.

வீட்டு ஆசாரத்துத் தரையில் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டு, பெட்டி எதுவும் மாட்டாமல் எஞ்சினை மட்டும் விட்டோம். முதலில் ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். அப்புறம் நகர்ந்தது. பையன் கத்திய கத்தில் தெரு நாய் குரைத்தது. முன்னால் அரைமணி, பின்னால் அரைமணி மெதுவாக ஓட விட்டதில் சத்தம் அடங்கிச் சீராகிவிட்டது. மூன்று பெட்டியும் மாட்டினோம்.

ஒரு குறை மட்டும். அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் வரும்போது ஒவ்வொரு சுற்றிலும் வண்டி நிற்கிறது. அங்கே தண்டவாளத் துண்டு இரண்டைச் சேர்க்கும் சின்னத் தகடு தளர்ந்து, கரண்டு விட்டு விட்டு வருகிறது. பிளையரால் ஒரு நெருக்கு நெருக்கினால் போதும். எடுக்கப் போனேன்.

"உடு" என்றார் அப்பா. கைத்தடி முனையால் எஞ்சினின் பின்னால் பட்டும் படாமல் தட்டினார். வண்டி கிளம்பியது. "நம்மூர்ல பாதி எக்ஸ்பிரஸ் நிக்கறதில்ல. இதாவது நின்னுட்டுப் போகட்டும்."

பையன் தலையணை உறையைப் பச்சைக்கொடியாகப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் கையை நீட்டினால் மட்டும் தடி குறுக்கே வந்தது.